போன மாதத்து மாத்திரை

ஐயாதுரையின் நெஞ்சு மறுபடியும் படபடவென்று அடிக்கத் தொடங்கியது ராஜபாளையத்து வீட்டில். அதுதான் வம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் அடித்திருந்தால் ஒருவரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். அது அங்கேதான் அடிக்கும் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடிவுகட்டி, ஆளை இங்கே கொண்டுவந்து விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், பனியனை இடது கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பரிபூரணம் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் அவளுக்கு வேலை. தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கி மூடிக்கொண்டே கேட்டாள்.

"என்ன செய்யுது?"

"ஒண்ணுமில்ல. வேன் வந்துரும், நீ கெளம்பு."

அவள் வந்து பனியனுக்கு மேலே கையை வைத்தாள். உள்ளே கோழிக்குஞ்சைப் பிடித்துப் போட்டதுபோல இருந்தது. ஓர் அடி, பிறகு சும்மா, பிறகு அவசர அவசரமாக நாலைந்து. அவளுக்கு முதலில் வந்த நினைப்பு இந்த மனிதர் பிழைப்பாரா என்பதல்ல. இது இங்கே வரக் கூடாதே என்பதுதான். அதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைப்பு வந்த வரிசை அதுதான்.

ஐயாதுரைக்கு இரண்டு வீடு. மில்லுக்குப் பஞ்சுப் பொதி ஏற்றிவரும் லாரியை ஓட்டியவர். லாரி ஓட்டுகிறவருக்கு இரண்டு ஊரில் குடும்பம் இருப்பதை அந்தப் பக்கத்தில் அதிசயமாகப் பேசுவதில்லை. பேசுவார்கள், அதிசயமாக அல்ல. முதல் மனைவி முத்துப்பேச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடு வைத்துப் பால்கோவா கடைக்குப் பால் ஊற்றுகிறாள். மகன் சோலைராஜ் திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். இரண்டாவது, பரிபூரணம். பிள்ளை இல்லை. லாரியை விட்டு இறங்கியபின், தமிழ் மாதம் பிறந்தால் வீடு மாறுவது என்று ஐயாதுரை ஒரு முறை வைத்துக்கொண்டார். ஒன்றாம் தேதி காலையில் ஒரு மஞ்சப்பையில் இரண்டு வேட்டியும் சவரப் பெட்டியுமாகப் பஸ் ஏறுவார். இரண்டு பெண்களும் இதற்காக அவரோடு சண்டை போட்டது உண்டு, ஒருவரோடொருவர் போட்டது இல்லை. பார்த்தால்தானே சண்டை போட.

போன பங்குனியில் அவருக்கு நெஞ்சு முறைதப்பி அடிக்க ஆரம்பித்து, மதுரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பிழைக்கவைத்தார்கள். வரும்போது அமியோடரோன் என்று ஒரு மாத்திரை கூடவே வந்தது. தினம் ஒன்று. சித்திரையில் ராஜபாளையத்தில் இருந்தார், நன்றாக இருந்தார். வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார், போன பத்து நாளில் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாதக் கடைசியில் தெளிந்து, ஆனி பிறக்கவும் இங்கே வந்தார். கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஆடியில் அங்கே போனார், மறுபடி அடித்தது. ஆவணியில் இங்கே, சுகம். புரட்டாசியில் அங்கே, ஆம்புலன்ஸ்.

இதற்கு மேல் சொந்தக்காரர்களுக்கு என்ன சாட்சி வேண்டும்? ஐயாதுரையின் அக்கா குருவம்மாள் சேத்தூரிலிருந்து வந்து பஞ்சாயத்துக்கு உட்கார்ந்தாள். அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள், அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை. இங்கிலீஷ் மருந்து சூடு, வயிற்றைக் காந்தும் என்று முத்துப்பேச்சி மத்தியானச் சாப்பாடு முடிந்து வெண்ணெய் உருண்டையோடு மாத்திரையைக் கொடுப்பது தெரிந்ததும் குருவம்மாள் கையை விரித்துவிட்டாள். "நெஞ்சு வலிக்காரனுக்கு வெண்ணெயக் குடுத்திருக்கா. கொல்லுததுக்கு வேற என்ன வேணும்? அவ கைராசி அவனுக்கு ஒத்துக்கல." சோலைராஜிடம் போனில் கேட்டார்கள். அவனுக்கும் ஆம்புலன்ஸ் பயம். எங்கே நன்றாக இருக்கிறாரோ அங்கே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். முத்துப்பேச்சி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள் என்று சொன்னார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் குருவம்மாள் ராஜபாளையம் வந்தாள். பத்தொன்பது வருடமாக இந்த வீட்டு வாசலோடு நின்று தம்பியிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகிறவள், அன்றைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏட்டி, காப்பி போடு" என்றாள். பரிபூரணத்துக்கு அடுப்பங்கரையில் சீனி டப்பா கைக்கு அகப்படவில்லை. அவ்வளவு சந்தோஷம். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் வந்ததில்லை. ஒரு சாவு வீட்டில் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. இப்போது நாத்தனார் இவள் வீட்டுத் தம்ளரை வாயில் வைத்துக் குடிக்கிறாள். குருவம்மாள் காப்பியைக் குடித்து முடித்து, "சீனி தூக்கல்" என்று குறை சொன்னாள். அந்தக் குறைகூட இனித்தது.

ஆகவே அந்தக் கார்த்திகை வியாழக்கிழமை, பரிபூரணம் யாருக்கும் போன் போடவில்லை. கம்பெனிக்கு மட்டும் வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மதுரையிலிருந்து இருதய டாக்டர் வாரத்தில் ஒருநாள் அங்கே வருவார். அன்றைக்கு அவர் வரும் நாளாக இருந்தது நல்லதாகப் போயிற்று.

டாக்டர் அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயதுக்காரர். ஈசிஜி தாளை இழுத்து இழுத்துப் பார்த்தார். ஊசி போட்டு, படுக்கவைத்து, மானிட்டரைச் சிறிதுநேரம் பார்த்துவிட்டுப் பரிபூரணத்தை வெளியே கூப்பிட்டார்.

"மாத்திரைய நிறுத்திட்டாரா?"

"இல்ல சார். ஒருநா விட்டது கெடையாது. நானே கையில குடுத்துருவேன்."

"எப்பக் குடுப்பீங்க?"

"காலையில எந்திரிச்ச ஒடனே, வெறும் வயித்துல. அப்பத்தான சார் மருந்து பிடிக்கும்?" அவள் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவளே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள். அதை விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடச் சொல்லியிருந்தார்கள். கஷாயமும் அப்படித்தான் குடிக்கிறோம். எனவே இரண்டு மாத்திரையையும் ஒரே செம்புத் தண்ணீரில் இரண்டு பேருமாகப் போட்டுக்கொள்வது அந்த வீட்டு வழக்கமாகியிருந்தது. பிறகு அவள் வேனுக்குப் போய்விடுவாள். அவர் பத்து மணிக்கு மேல்தான் இட்லியைத் தொடுவார்.

டாக்டர் தலையாட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தைராய்டு மாத்திரை வேற, இது வேறம்மா. இது கொழுப்புல கரையுற மருந்து. வயித்துல சாப்பாடு இருக்கணும், அதுல கொஞ்சம் எண்ணெ நெய்யி இருக்கணும். அப்பத்தான் குடல் இதை உள்ள இழுக்கும். வெறும் வயித்துல போட்டா பெரும்பகுதி உள்ள சேராம அப்படியே வெளிய போயிரும். தினமும் ஒரே நேரம், சாப்பாட்டோட. சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க."

சொல்லியிருக்கலாம். அன்றைக்கு மதுரையில் எத்தனையோ சொன்னார்கள்.

"அவரு மில்லு லாரி ஓட்டுனாரா? அப்ப இப்படிச் சொல்றேன். உள்ள போன மருந்து நேரா நெஞ்சுக்குப் போய் வேலை பாக்காது. பஞ்சு வந்ததும் மொதல்ல குடோன்ல எறக்குவாங்கள்ல, அது மாதிரி ஒடம்புல இருக்குற கொழுப்பு, ஈரல், நுரையீரல்னு போய் உக்காந்துக்கிடும். குடோன் நெறஞ்சாத்தான் மில்லு ஓடும். ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி வெளியேத்தும், அதுவும் ரொம்ப மெதுவா. இன்னிக்கு மாத்திரைய நிறுத்தினாக்கூட, குடோன்ல கெடக்குறத வச்சுப் பல வாரம் ஓடும்."

பரிபூரணம் படித்தது எட்டாவதுதான். ஆனால் கம்பெனியில் ஷிப்டு மாற்றத்தில் யார் கெடுத்த துணி யார் தலையில் விடியும் என்பதைப் பார்த்துப் பழகியவள். அவள் கேட்டாள்.

"அப்ப சார், போன மாசம் சாப்பிட்டதுதான் இந்த மாசம் வேல செய்யுதா?"

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"போன மாசம் ஒழுங்கா உள்ள போகலைன்னா?"

"இந்த மாசம்தான் தெரியும்" என்றார் டாக்டர். "எல்லாருக்கும் இவ்வளவு வித்தியாசம் காட்டாது. இவருக்குக் காட்டுது போல. நான் நெனைக்கிறதைச் சொல்றேன், அடிச்சுச் சொல்ல முடியாது." பிறகு கொஞ்ச நாளைக்கு மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதி, ஈரலுக்கும் தைராய்டுக்கும் ரத்தம் பார்க்கச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அவள் ஐயாதுரையின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனதுக்குள் மாதங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. சித்திரையில் இவள் கொடுத்தது வீணாகி, வைகாசியில் முத்துப்பேச்சி வீட்டில் வந்து அடித்தது. வைகாசியில் முத்துப்பேச்சி வெண்ணெயோடு கொடுத்தது சேர்ந்து, ஆனியில் இவள் வீட்டில் வந்து காத்தது. அவள் வீட்டு நல்லது இங்கே விளைந்திருக்கிறது, இவள் வீட்டுத் தப்பு அங்கே விடிந்திருக்கிறது. வெண்ணெய் கொடுத்தவளுக்கும் ஒன்றும் தெரியாது, வெறும் வயிற்றில் கொடுத்தவளுக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டும் வெறும் நம்பிக்கைதான். அதில் ஒன்று தற்செயலாகச் சரியாக இருந்துவிட்டது. அப்படிச் சரியாக இருந்தவளைத்தான் கைராசி இல்லாதவள் என்றார்கள்.

சாயங்காலம் வீடு திரும்பும்போது ஆட்டோவிலேயே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஐயாதுரை வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப இனிமே சாப்பிட்டுப் போட்டுக்கிடுவோம்" என்றார்.

"ஸ்ரீவில்லிபுத்தூர் அக்காகிட்டச் சொல்லணும்லா?"

"எதுக்கு? இப்பத்தான் ரெண்டு பக்கமும் சத்தம் இல்லாம இருக்கு. விடு."

அவர் கெட்டவர் அல்ல. சத்தம் பிடிக்காதவர், அவ்வளவுதான். இரண்டு வீடு கட்டிக்கொண்டவருக்குச் சத்தம் பிடிக்காமல் போனது அவருடைய துரதிர்ஷ்டம்.

பரிபூரணமும் விட்டாள். விடுவதில் சிரமமே இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் நெய்யோ தேங்காய்த் துவையலோ வைத்து, சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையைக் கையில் கொடுத்தாள். மார்கழி நடுவில் நெஞ்சு மறுபடியும் ஒழுங்காக ஓடத் தொடங்கியது. வெயிலில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்காகக் குடை பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். இனி அவர் இங்கேயே இருந்தாலும் ஒன்றும் ஆகாது. உண்மையைச் சொல்லாததால் அவர் உயிருக்கு ஒரு கெடுதலும் இல்லை. தன்னிடம் தானே பலமுறை அவள் இதைச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே ஒழிய, அது பொய்யில்லை.

தை மாதத்தில் குருவம்மாள் வந்தாள். சேத்தூரில் அவள் மகள் முனீஸ்வரி வீடு கட்டிப் பால் காய்ச்சி நாலு நாள் ஆகியிருந்தது. பரிபூரணத்தையும் அழைத்திருந்தார்கள். கம்பெனியில் லீவு இல்லாததால் ஐயாதுரை மட்டும் போய் வந்திருந்தார். குருவம்மாள் லட்டும் மிச்சரும் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். காப்பி வந்தது. இந்தத் தடவை சீனி சரியாக இருந்தது.

"எல்லாம் நல்லா நடந்துச்சா மதினி?"

"நடந்துச்சு, நடந்துச்சு. ஒங்கக்காதான் விடியக்காலம் முத பஸ்ல வந்து நின்னா, தூக்குவாளி நெறயப் பாலோட."

அது தெரிந்த விஷயம்தான். ஐயாதுரையின் சொந்தத்தில் யார் புதுவீடு புகுந்தாலும் முத்துப்பேச்சி வீட்டு மாட்டுப்பால்தான் அடுப்பில் ஏறும். அவள் கறந்த பால் பொங்கிய வீடு விளங்கும் என்று ஒரு பேச்சு. இருபது வீட்டுக்காவது அவள் கொண்டுபோயிருப்பாள்.

"நாந்தான் வேண்டாம்னுட்டேன்" என்றாள் குருவம்மாள். "புருசனுக்கே ஒத்துக்காத கை. புதுவீட்டுல எதுக்கு? கடையில பாக்கெட் பால வாங்கிக் காச்சிட்டோம். அவ ஒண்ணும் சொல்லல. வாளியக் கொண்டுபோயி ஓரமா வச்சுட்டு, பந்தியில எல பொறுக்கிக்கிட்டு இருந்தா. போகையில வாளிய எடுத்துக்கிட்டுப் போயிட்டா. காப்பி நல்லாருக்குட்டி."

ஐயாதுரை குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவர் அன்றைக்கு அங்கேதான் இருந்திருக்கிறார். பார்த்திருக்கிறார். வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பரிபூரணத்துக்கு அவர்மேல் கோபம் வந்தது, பிறகு தன்மேல் வந்தது. நாத்தனார் வைத்துவிட்டுப் போன தம்ளரை அவள் ரொம்ப நேரம் கழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனாள். வீட்டை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. முத்துப்பேச்சி தொழுவத்தில் சாணியை அள்ளிக்கொண்டிருந்தாள். நரைத்த தலையில் துண்டு கட்டியிருந்தாள். வந்தது யாரென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கையைக் கழுவினாள். ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"அவிய எப்படி இருக்காக?"

"நல்லா இருக்காக அக்கா."

"இருக்கட்டும்." முத்துப்பேச்சி மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். மாத்திரைக்கு வெண்ணெ கின்ன குடுத்துராத. சூடாச்சேன்னு நான் குடுத்தேன். அதுதான் நெஞ்சப் பிடிச்சிருச்சு போலுக்கு. நான் அறியாமச் செஞ்சது."

பரிபூரணம் அதற்குப் பிறகு முக்காலியில் உட்கார முடியாமல் எழுந்துவிட்டாள். நின்றுகொண்டே சொன்னாள். கார்த்திகையில் தன் வீட்டில் அடித்ததைச் சொன்னாள். வெறும் வயிறு, குடோன், போன மாதம், இந்த மாதம், எல்லாவற்றையும் டாக்டர் சொன்ன வரிசையில் சொன்னாள். முத்துப்பேச்சிக்கு முதலில் பிடிபடவில்லை. இரண்டாவது தடவை சொல்லும்போது அவள் கை மாட்டின் கழுத்திலேயே நின்றுவிட்டது.

"அப்ப இங்க அடிச்சதெல்லாம்…"

"ஏங்கிட்ட இருந்தப்ப மருந்து சேராமப் போனதாலதான் அக்கா."

"அங்க நல்லா இருந்தது…"

"நீங்க குடுத்ததாலதான் அக்கா."

மாடு தலையை ஆட்டியது. முத்துப்பேச்சி அழுவாள், அல்லது ஏசுவாள் என்று பரிபூரணம் எதிர்பார்த்தாள். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். "அவியள இங்க அனுப்பிருதேன். பழையபடி மாசத்துக்கு மாசம்…" என்று ஆரம்பித்தாள். அதைச் சொல்ல அவளுக்கு ஆசை இல்லை.

"வேண்டாம்" என்றாள் முத்துப்பேச்சி. "அங்கனயே இருக்கட்டும். அவிய இங்க கெடக்கையில, நெஞ்சு ஓடுதா நிக்கிதான்னு காத வச்சுக் கேட்டுக்கிட்டே கெடப்பேன். இப்பத்தான் நாலு மாசமா ஒறங்குதேன். பொய்யில்ல. நீயே வச்சுக்க."

பரிபூரணத்துக்கு உடம்பெல்லாம் லேசாகிப் போனது. சொல்லியும் ஆயிற்று, ஆளும் போகவில்லை. இப்படி ஒன்று நடக்கும் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் முத்துப்பேச்சி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா அந்த மகராசி பாக்கெட் பாலக் காச்சினாளே, அதுக்கு ஒரு வழி சொல்லு. அம்புட்டு சனத்துக்கு நடுவுல வாளியோட நின்னேன். மதினிகிட்ட வந்து, இப்ப ஏங்கிட்டச் சொன்னத அப்படியே சொல்லு."

"போன்ல சொல்லிருதேன்க்கா. இப்பமே…"

"போன்ல சொன்னா, நான் அழுது பிடிச்சுச் சொல்ல வச்சேம்பா. நேர்ல வா. செத்த பொறு, மத்தியானப் பாலப் பீச்சிக்கிடுதேன்."

அவள் தலைத்துண்டை அவிழ்த்து உதறிவிட்டு, கன்றை அவிழ்த்துவிட்டாள். பரிபூரணம் பார்த்துக்கொண்டு நின்றாள். பால் வாளியில் விழும் சத்தம் முதலில் கணீரென்று இருந்து, வாளி நிறைய நிறைய மங்கியது. முத்துப்பேச்சி சேலை மாற்றி, பொட்டு வைத்து, வாளியை வாழையிலைத் துண்டால் மூடிக் கட்டினாள். கோவில் பக்கம் கூட்டமாக இருந்ததால் சுற்றுவழியில் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனார்கள். தெரிந்தவர்கள் இரண்டு பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

தென்காசி பஸ்ஸில் இடம் கிடைத்தது. பரிபூரணம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முத்துப்பேச்சி பக்கத்தில். வாளி இருவருடைய கால்களுக்கும் நடுவில் இருந்தது. கண்டக்டர் வந்ததும் முத்துப்பேச்சி மடியிலிருந்து காசை எடுத்து, "சேத்தூர் ரெண்டு" என்றாள்.

பரிபூரணம் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மதினி, தப்பு ஏம்மேல. ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது குருவம்மாள் தம்ளரைக் கீழே வைப்பது தெரிந்தது. பிறகு எழுந்துபோய்ச் செருப்பைப் போட்டுக்கொள்வாள். அதற்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டி உள்ளே வரமாட்டாள். மனிதர் தன்னோடு இருப்பார். இருந்து என்ன, பத்தொன்பது வருடமும் பாதி மனிதராக இருந்தவர்தான். கிடைக்காமலே இருந்து கிடைத்தது அந்தக் காப்பி ஒன்றுதான். இதைப் போய்ப் பெரிதாக நினைக்கிறோமே என்று இருந்தது. பெரிதாகத்தான் இருந்தது.

ராஜபாளையம் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி திரும்பி நின்றது. "ராஜபாளையம் எறங்குறவங்க எல்லாம் எறங்குங்க" என்று கண்டக்டர் கத்தினார். பாதி வண்டி எழுந்தது. வெள்ளரிக்காய் விற்கிறவர்கள் ஜன்னலில் தட்டை நீட்டினார்கள். அவள் வீடு இங்கிருந்து நடக்கிற தூரம். அவர் மத்தியானத் தூக்கம் முடித்து எழுந்திருப்பார். பரிபூரணம் அறியாமலே அவள் கை மடியிலிருந்த பையின் வாரைப் பிடித்தது.

முத்துப்பேச்சி அதைப் பார்த்தாள். குனிந்து, காலடியில் இருந்த வாளியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு முழங்கால்களையும் ஒரு பக்கமாகத் திருப்பி, ஓர் ஆள் தாராளமாக இறங்கிப் போகிற அளவுக்கு வழி விட்டு உட்கார்ந்து, முன்னால் பார்த்தாள்.